செத்தால் 4 லட்சம் உண்டு. நிழலில் உட்கார 4 மணி நேரம் உண்டா?

கோடை லீவில் வீடு ரிப்பேர்: மொட்டை மாடியில் வேகும் கொத்தனார், சித்தாள்கள்

திருவண்ணாமலை, மே –

கத்திரி வெயில் கொளுத்துகிறது. மலை, அடுப்பில் வைத்த கல்லாகக் காய்கிறது. பகல் 12 மணிக்குத் தேரடித் தெருவில் நிற்க யாருக்கும் மனசு வராது. ஆனால் அண்ணாந்து பார்த்தால் ஆள் தெரியும். மொட்டை மாடியில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு!

ஊரே நிழல் தேடுகிற மாதத்தில்தான் வீடு ரிப்பேர் வேலைகள் மும்முரமாக நடக்கின்றன. ஏன் இப்படி?

லீவு விட்டால் ஆடி!

காரணம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடம் லீவு. பிள்ளைகளை ஆயா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாமான்களை ஒதுக்கி வைக்கலாம். மழை கிடையாது, பூச்சு கரையாது. வைகாசி, ஆனியை விட்டால் ஆடி வந்துவிடும். ஆடியில் வேலை தொடங்கப் பலர் தயங்குவார்கள். அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை.

மழை என்றால் இந்த ஊருக்கு இப்போது பயம். 2024 டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் புதைந்து மாண்டார்கள். ஒழுகுகிற கூரை, விரிசல் விட்ட சுவர் என்றால் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வருமா?

ஆகவே கோடையில் வேலை நடக்க வேண்டியதுதான். கேள்வி அதுவல்ல. எந்த நேரத்தில் நடப்பது? அதுதான் கேள்வி.

ராத்திரியில் நடக்கிற ஊர்

காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 6 மணி வரை என்பது வழக்கமான கணக்கு. நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். ஆக 8 மணி நேர வேலையில் பெரும்பகுதி சுடுகிற வெயிலில்!

இதையே காலை 6 முதல் 11 வரை, பிற்பகல் 3 முதல் 6 வரை என்று வைத்தால்? அதே 8 மணி நேரம். வேலையில் ஒரு செங்கல் குறையாது. நடுப்பகல் 4 மணி நேரம் மட்டும் நிழல்.

"நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்கள் கிரிவலத்தை நினைத்துப் பார்க்கலாம். சித்ரா பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். 14 கிலோமீட்டரைப் பெரும்பாலோர் வெயில் தாழ்ந்த பிறகுதான் சுற்றுகிறார்கள். கடைக்காரர்கள் விடிய விடியக் கடை திறந்து வைக்கிறார்கள். சாமி காரியத்துக்கு ராத்திரியைப் பகலாக்கத் தெரிந்த ஊர், வீட்டுக் காரியத்துக்கு விடியற்காலையில் எழுந்திருக்க முடியாதா?

இதில் வீட்டுக்காரருக்கும் லாபம் உண்டு. 10 மணிக்கு ஆபீஸ் போகிற குமாஸ்தாவும், 9 மணிக்குக் கடை திறக்கிற முதலாளியும் அதுவரை பக்கத்திலிருந்தே வேலையைப் பார்க்கலாம். சிமென்ட் கலவை சரியா, மாடியில் வாட்டம் சரியா என்று கேட்கலாம். லீவு போட வேண்டாம். அந்த லீவைப் பிள்ளைகளோடு ஊர் போய் வர வைத்துக்கொள்ளலாம்.

சிமென்டுக்கும் ஆகாது

உச்சி வெயில் பூச்சுக்கும் பகை. தண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, பூச்சு இறுகும் முன்பே வெடிப்பு விடும். சூடும் வறட்சியுமான காலத்தில் கான்கிரீட்டை 10 நாளாவது ஈரம் காயாமல் வைக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. கோடையில் தண்ணீருக்கே தட்டுப்பாடு என்றால், தண்ணீர் கேட்கும் வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, கூரைக்கு வெள்ளை அடிப்பதை முதலில் முடிப்பது புத்திசாலித்தனம்.

வெயில் காலத்தில் கோயில் கல் தரையில் வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறார்களே, பக்தர்களின் கால் சுடாமல் இருக்கத்தானே? அதே வித்தைதான் மொட்டை மாடிக்கும். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையலாம். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஏ.சி. வாங்குகிற பணத்தில் சிறு பங்கு போதும். பகலில் சூடேறிய தளம் ராத்திரி முழுக்கக் கக்கும் அனலும் குறையும்.

யார் கணக்கில் அந்த 4 மணி நேரம்?

முள் இங்கேதான் தைக்கிறது. அன்றாடக் கூலி வாங்குகிறவர் உட்கார்ந்தால் கூலி குறையும் என்று பயப்படுகிறார். "மேஸ்திரி, சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால், "சரிங்க சார்" என்றுதான் பதில் வரும். வெயில் தாங்கவில்லை என்று சொல்ல வாய் வராது. கலவைச் சட்டி சுமக்கிற சித்தாளுக்கு அதுவும் கிடையாது. மேஸ்திரி சொன்னால் ஏற வேண்டியதுதான்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல காரியம். ஆனால் அது செத்த பிறகு வருகிற பணம்.

கேரளத்தில் ஒவ்வொரு கோடையிலும் பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. நம்மவர்கள் பிழைக்கப் போகிற கத்தாரில், 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. கடல் கடந்து போனால் கிடைக்கிற நிழல், சொந்த ஊர் மாடியில் ஏன் கிடைக்கக் கூடாது?

உத்தரவு வந்தாலும், சந்துக்குள் நடக்கிற சின்ன ரிப்பேரை எந்த அதிகாரி வந்து பார்ப்பார்? அங்கே வீட்டுக்காரர்தான் சட்டம். அவர் வைத்ததுதான் நேரம்.

செய்ய வேண்டியது

பேச்சு பேசும்போதே நேரத்தையும் பேசிவிட வேண்டும். செங்கம், போளூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவரால் 6 மணிக்கு முடியாது என்றால், கிடைக்கிற காலை நேரத்தில் மாடி வேலை. வெயில் ஏறியதும் ஓய்வு, அல்லது ஃபேன் போட்ட கூடத்தில் உள்வேலை. ஓய்வு நேரத்தில் திண்ணையிலோ முன்கூடத்திலோ பாய் விரித்துக் கொடுக்கலாம். பானைத் தண்ணீர், நீர்மோர், உப்பு சர்க்கரைக் கரைசல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

யாராவது பேச்சுக் குழறினாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ "வெயில்தானே" என்று விடக் கூடாது. நிழலுக்குத் தூக்கி வந்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-க்கு போன் செய்ய வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது.

மாடி ஒரு வாரம் தாமதமாக முடிந்தால் குடி முழுகிவிடாது. மாடிக்கு ஏறியவர் மாலையில் தன் காலாலேயே இறங்கி வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காகக் கூலியில் கை வைக்க வேண்டியதில்லை. கடிகாரத்தில் கை வைத்தால் போதும்!