அளந்தவர்கள் சொல்லாததை நாம் ஏன் சொல்கிறோம்?

நாவலின் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு விமர்சனம் எழுதுபவரை நாம் மன்னிப்பதில்லை. ஆனால் விண்ணில் ஒரு கருவி எதையேனும் அளந்தால், அளவீட்டைப் படிக்காமலேயே 'இருண்ட பொருள் அகப்பட்டது' என்று எழுதும் அறிவியல் கட்டுரையாளரை மட்டும் பாராட்டுகிறோம். இந்தச் சலுகை எதற்கு?

பமேலாவின் கதையை எடுத்துக்கொள்வோம். 2006 ஜூன் 15 அன்று ரஷ்யச் செயற்கைக்கோள் ஒன்றில் பைக்கனூரிலிருந்து புறப்பட்ட கருவி அது. காஸ்மிக் கதிர்களில் வரும் பாசிட்ரான்களை எண்ணுவது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. புரோட்டானும் பாசிட்ரானும் நேர்மின்னூட்டம் கொண்டவை. காந்தப்புலத்தில் ஒரே பக்கம் வளைபவை. உயர் ஆற்றலில் ஒரு பாசிட்ரானுக்குச் சுமார் பத்தாயிரம் புரோட்டான்கள் வருகின்றன. பத்தாயிரத்தில் ஒரு புரோட்டானைத் தவறாகக் கணக்கெழுதினாலே, இல்லாத பாசிட்ரான்கள் உள்ளவற்றுக்குச் சமமாகிவிடும். ஆகவேதான் சிலிக்கனும் டங்ஸ்டனும் அடுக்கிய கலோரிமானியில் ஒவ்வொரு துகளும் சிதறும் விதத்தைப் பார்த்துப் பிரித்தார்கள்.

அந்தப் பொறுமைக்குக் கிடைத்த மரியாதை என்ன? 2008இல் கருத்தரங்கில் காட்டிய வரைபடத்தைப் புகைப்படம் எடுத்து, அதிலிருந்து புள்ளிகளைப் பெயர்த்து, கோட்பாட்டாளர்கள் சிலர் தம் கட்டுரைகளை முந்திக்கொண்டு எழுதினார்கள். அளந்தவர்களின் கட்டுரை 2009 ஏப்ரலில்தான் 'நேச்சர்' இதழில் வந்தது. அதில் அவர்கள் சொன்னது, 10 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் பாசிட்ரான் விகிதம் எதிர்பார்ப்புக்கு மாறாக உயர்கிறது என்பது. காரணம் இருண்ட பொருளாக இருக்கலாம், பல்சர்களாகவும் இருக்கலாம். அதே கருவி எண்ணிய எதிர்ப்புரோட்டான்களில் அத்தகைய உபரி இல்லை. இருண்ட பொருள் பற்றிய எளிய விளக்கங்களுக்கு இது பெரும் இடையூறு. 

2011இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட ஏஎம்எஸ்-02, 2013இல் அந்த உயர்வை இன்னும் துல்லியமாக உறுதிசெய்தது. உறுதியானது உயர்வு மட்டுமே. காரணம் பற்றிய வழக்கு இன்றும் முடியவில்லை.

ஊகம் இல்லாமல் அறிவியல் இல்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஊகிக்கட்டும், ஊகம் என்று சொல்லி ஊகிக்கட்டும். 'அளந்தது இது, நினைப்பது இது' என்று இரண்டு வாக்கியங்களாகப் பிரித்து எழுத நம் கட்டுரையாளர்களுக்கு என்ன தடை? தலைப்பின் கவர்ச்சி குறையும், அவ்வளவுதானே?