வான்வழி மாறினாலும் எல்லை மாறாது

டில்லி, ஜித்தா விமான நிலையங்களுக்கு இடையே நேர்வழித் தூரம் சுமார் 3,900 கிலோமீட்டர். தூரம் மாறுவதில்லை, பயண நேரமோ மாறக்கூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டில்லியிலிருந்து மேற்கே செல்லும் நம் நாட்டு விமானங்கள் அரபிக்கடல் வழியாகச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. சென்னையிலிருந்து ஜித்தா சுமார் 4,400 கிலோமீட்டர். ஏறத்தாழ ஆறு மணி நேரப் பயணம். அவ்வழி பாகிஸ்தானைத் தொடுவதில்லை.

இதில் ஹாஜிகளுக்கு ஒரு மார்க்கப் பிரச்சினை உண்டு. 1995 வரை பம்பாயிலிருந்து கப்பலில் சென்றோருக்கு, யலம்லம் எல்லை வருமுன் ஆயத்தமாகப் பல நாட்கள் இருந்தன. விமானமோ ஜித்தாவில் இறங்குமுன்பே மீக்காத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. இஹ்ராமின்றி அதைக் கடந்து, திரும்பியும் செல்லாதவர் மீது ‘தம்’ எனும் பலி கடமையாகும் என்பதே பெரும்பான்மை இமாம்களின் தீர்ப்பு.

ஆகவே, நேராக மக்கா செல்வோரே! கடிகாரத்தை நம்பித் துயிலாதீர்கள். புறப்படுமுன்பே குளித்து இஹ்ராம் உடை அணியுங்கள். மீக்காத்துக்கு முன்னரே நிய்யத் செய்து தல்பியா ஓதுங்கள்.

அல்லாஹ் அனைவரின் ஹஜ்ஜையும் ஏற்றருள்வானாக! ஆமீன்.