சுவிட்ச் போனால் சுவிட்சை மாற்றுங்கள், பாயிண்டரையே தூக்கிப் போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபமான பதிவும்கூட. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "அத்தை, என் லேசர் பாயிண்டர் எரியல. அமுக்கி அமுக்கிப் பார்த்தா எப்பவாவது ஒரு தடவை மினுக்குது. கடையில கேட்டா, இதையெல்லாம் யாரு ரிப்பேர் பண்ணுவா, புதுசு வாங்குங்கன்னு சொல்றாங்க. எது வாங்கலாம்?" கீழே ஆளாளுக்கு ஒரு மாடல் சொன்னார்கள். அவர்களில் நான்கு பேர் பொறியாளர்கள். "திறந்து பார்த்தாயா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் விற்க உட்கார்ந்திருப்பவர். என் கோபமெல்லாம் உங்கள் மேல்தான்.

அந்தப் பாயிண்டருக்குள் என்னதான் இருக்கிறது? இரண்டு சின்ன செல், ஒரு சுவிட்ச், மின்னோட்டத்தை அளவாக அனுப்பும் ஒரு குட்டி போர்டு, லேசர் டயோடு, முன்னால் ஒரு லென்ஸ். இதில் ஓயாமல் அசைகிற பாகம் சுவிட்ச் ஒன்றுதான். அதற்குள் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு மெல்லிய தகடு இருக்கும். அமுக்கினால் அது வளைந்து அடியில் உள்ள இரண்டு முனைகளை இணைக்கும். 'டிக்' என்ற சத்தமும் அதிலிருந்துதான் வருகிறது. நாளடைவில் அழுக்கு சேரும், செல் கசிந்தால் அரிக்கும், தகடே விரிசல் விடும். அமுக்கி அமுக்கி எப்போதாவது மினுக்குகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சுவிட்சைத்தான். திறந்த சுற்று, மூடிய சுற்று என்று ஆறாம் வகுப்பில் நீங்கள் பரீட்சைக்கு எழுதியது இதுதானே?

சோதிப்பது எளிது. முதலில் செல்லைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். அப்படியும் எரியாவிட்டால் செல்லை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை 'பீப்' சத்தம் வரும் இடத்தில் வையுங்கள். சுவிட்சின் நான்கு கால்களில் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டைத் தொட்டுக்கொண்டு அமுக்குங்கள். சத்தம் வராவிட்டால் போனது சுவிட்ச். சென்னை ரிச்சி தெருவில் ஒரு டீ குடிக்கும் காசுக்கு இரண்டு மூன்று கிடைக்கும். பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் சதுரம்தான். பட்டனின் உயரம் மட்டும் பழையதைப் போலவே இருக்கட்டும். 25 வாட் சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஈயம், அரை மணி நேரம். வேறென்ன வேண்டும்?

"அரை மணி நேரத்தில் நான் சம்பாதிப்பது அதிகம் டீச்சர்" என்று ஒருவன் எழுதுவான். சரி. நேற்று ராத்திரி அந்தக் கைப்பேசியில் எத்தனை அரை மணி நேரம் போனது, அதற்கு என்ன சம்பளம் வாங்கினாய் என்றும் சேர்த்து எழுது.

"லேசர் ஆபத்து, பிள்ளைகள் கையில் தரலாமா?" என்பது நியாயமான கேள்வி. ஒளியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துத்தான் சோதிக்க வேண்டும். யார் கண்ணுக்கும் நேராகவோ கண்ணாடியின் மேலோ கூடாது. போர்டில் சின்னத் திருகு இருந்தால் அதைத் தொடாதீர்கள், ஒளியின் வலிமை ஏறிவிடக்கூடும். பச்சை லேசரில் இன்னும் கவனம் வேண்டும். பலவற்றில் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடுதான் உள்ளே வேலை செய்கிறது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். அதனால் லென்ஸையும் டயோடையும் கழற்றவே கூடாது. சுவிட்ச் இருப்பது போர்டில். அதை மாற்ற டயோடு பக்கம் போகவே வேண்டியதில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர்தான் பாடம். "தொடாதே" என்று மட்டும் சொல்வது பாடமாகாது.

ஆசிரியர்களாகிவிட்ட என் மாணவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஸ்டாக் ரிஜிஸ்டருக்குப் பயந்து பழுதான கருவிகளை பீரோவில் பூட்டி வைக்கிறோம். பிறகு ஒருநாள் மொத்தமாகக் கழித்துக் கட்டுகிறோம். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிள்ளைகள் முன்னால் திறந்து காட்டுங்கள்.

2022இல் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசி, வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். நல்லதுதான். ஆனால் திறந்து பார்க்கும் பழக்கமே இல்லாதவனுக்கு அந்த உரிமை எதற்கு? பசை போட்டு ஒட்டிய பொருளை வாங்காதீர்கள். திருகு இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். நாம் கேட்காதவரை அவர்கள் ஒட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

இனிமேல் நம் குழுவில் "எது வாங்கலாம்" என்று கேட்பவர்கள், திறந்த நிலையில் ஒரு படமும் மீட்டரில் என்ன வந்தது என்பதையும் போட்டுவிட்டுக் கேளுங்கள். பதில் சொல்ல நான் இருக்கிறேன். சால்டரிங் அயர்ன் இல்லாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள், என்னுடையதைத் தருகிறேன். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்