அம்மாவும் பள்ளிக்கூடம் போகணுமா?

எங்கள் வீட்டுக்கு எதிரே அரசு தொடக்கப் பள்ளி. தினமும் காலை 9 மணிக்கு மூன்றாம் வகுப்புப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வருவாள். பையனுக்கு மூளை முடக்குவாதம். நடக்க முடியாது, ஆனால் வாய்ப்பாடு கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பான். அவனை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, மாலை 4 மணி வரை வராந்தாவிலேயே இருப்பாள். ஒன்றுக்குத் தூக்கிப் போகவும், மதியச் சத்துணவை ஊட்டிவிடவும் வேறு ஆள் கிடையாது. போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். நான்கு நாளும் பையன் வீட்டோடு.

"தையல் மெஷின் மூலையில தூங்குதுக்கா. தைக்க நேரம் ஏது?" என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தலைமையாசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்து வகுப்புக்கும் இரண்டே டீச்சர்கள். சிறப்பு ஆசிரியை பல பள்ளிகளுக்கு அலைகிறவர்; இங்கே வாரம் ஒரு நாள் வந்தாலே பெரிது. தொடக்கப் பள்ளிகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. நல்லதுதான். பாடம் சொல்லித்தர ஆள் வந்துவிடும்; தூக்கிவிட?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்பு ஆசிரியர் சம்பளம் போக, குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை உண்டு. பள்ளி 200 நாள் என்று வைத்து, மளிகைக் கணக்குப் போடுகிற கையால் வகுத்துப் பார்த்தேன். நாளைக்கு 17 ரூபாய் 50 காசு! அதிலே ஆள் போட முடியுமா? அந்தத் திட்டப் பணமும் 2024-25-ல் 2,000 கோடிக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. தில்லிக்கும் சென்னைக்கும் சண்டை. பையனுக்கு அதெல்லாம் தெரியுமா?

2022-ல் காலை உணவுத் திட்டம் வந்தபோது, சமைக்க மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களை எடுத்தார்களே! அதேபோல் உள்ளூர்ப் பெண் ஒருத்திக்குப் பயிற்சி கொடுத்து, வகுப்பறை உதவியாளராகச் சம்பளத்துக்கு வைக்கலாமே? பிள்ளையின் 3,500-ல் கை வைக்காமல் அரசு தனியாக நிதி ஒதுக்க வேண்டும்.

"அந்தம்மாவையே போட்டுடலாமே" என்கிறார் என் கணவர். வேண்டாம்ங்க. அவள் மெஷினில் உட்காரட்டும், அதுதான் அவள் தொழில்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளி வராந்தாவிலும் யாராவது அம்மா உட்கார்ந்திருக்கிறாரா? பார்த்து எழுதுங்களேன், தோழிகளே.

- ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்