வயலோரம் நின்ற வண்டிக்கு நகரத்தில் அபராதமா?

நார்த்தாமலையிலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: வெளி மாவட்ட நகரம் ஒன்றில் ஹெல்மெட் அணியாமல் சென்றதாக அவருடைய மொபெட் எண்ணுக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று செல்பேசியில் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவர் கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா வாங்கிக்கொண்டிருந்தார். "அலைச்சலுக்குப் பயந்து கட்டிவிடலாமா?" என்பது அவர் கேள்வி.

செய்யாத தவறுக்குக் கட்ட வேண்டியதில்லை. 1,000 ரூபாய் என்பது ஏறக்குறைய நான்கு மூட்டை யூரியாவின் விலை. அதோடு, பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசமாக முடித்ததாகவே கணக்கு. பிறகு திரும்பப் பெறுவது எளிதல்ல. ஹெல்மெட் குற்றத்துக்கு ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் முடக்கவும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவில் இடமுண்டு. அதற்காகச் செய்தியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடவும் கூடாது. பெயர் மாற்றம், தகுதிச் சான்று என்று போகும்போது நிலுவை அபராதம் குறுக்கே நிற்கும்.

முதலில் செய்தி உண்மையா என்று பார்க்க வேண்டும். அபராத ரசீது என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் செயலிக் கோப்பை அனுப்பி, அதைத் திறந்தவுடன் வங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி நடக்கிறது. செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. இ-சேவை மையத்தில் உதவி கேட்கலாம். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

அபராதம் உண்மை என்றால், தவறு எங்கே நேர்ந்தது என்று தேட வேண்டும். பெரும்பாலும் மூன்று வழிகளில் நேர்கிறது.

ஒன்று, எண்ணைத் தவறாகப் படிப்பது. சேறும் தூசும் படிந்த பலகையில் 3 என்பது 8 ஆகத் தெரியும். கருவியும் ஏமாறும், கையால் பதிபவரும் ஏமாறுவார். 2021-ல் இங்கிலாந்தின் பாத் நகரில், நடந்து சென்ற ஒரு பெண்ணின் சட்டையில் இருந்த ஆங்கில எழுத்துகளைக் கேமரா வண்டி எண்ணாகப் படித்துவிட்டது. பேருந்துத் தடத்தில் கார் ஓட்டியதாக எங்கோ தொலைவில் இருந்த தம்பதிக்கு அபராதம் போனது. படத்தைப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டு, அது ரத்தானது.

இரண்டு, விற்ற வண்டி. தரகரிடம் வண்டியைக் கொடுத்துப் பணம் வாங்கியதோடு பலரும் மறந்துவிடுகிறார்கள். படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றாதவரை, ஆவணப்படி பழைய உரிமையாளர்தான் பொறுப்பு. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்று, வேறொருவர் அதே எண்ணைப் போலியாக மாட்டி ஓட்டுவது. இதை அபராதத்தோடு விட்டுவிடக் கூடாது. உள்ளூர் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அந்த வண்டி நாளை விபத்தில் சிக்கினால் தேடி வருவது உண்மையான எண்ணுக்காரர் வீட்டுக்குத்தான்.

கேமரா மூலம் போடும் அபராதத்துக்கு 2021-ல் மத்திய அரசு அறிவித்த 167ஏ விதியில் நிபந்தனைகள் உண்டு. தவறையும் எண் பலகையையும் காட்டும் படம், நாள், நேரம், இடம் ஆகியவை அறிவிப்பில் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். கேமராவுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றும் வேண்டும். ஆகவே படத்தைக் கேட்டுப் பார்ப்பதே முதல் வேலை. மொபெட்டுக்குப் போட்ட அபராதத்தில் ஸ்கூட்டர் படம் இருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது.

படம் மங்கலாக இருந்தால் மற்ற ஆதாரங்கள் கைகொடுக்கும். மானிய உரம் கைரேகை வைத்து வாங்குவதால், அந்த ரசீது ஆள் எங்கே இருந்தார் என்பதற்கு நல்ல சாட்சி. பால் சங்க அட்டை, கொள்முதல் நிலைய ரசீது ஆகியவையும் உதவும். ஆனால் இவை ஆள் இருந்த இடத்தைத்தான் காட்டும். வண்டியும் அங்கேதான் நின்றது என்பதற்கு, உடன் இருந்தவரின் எழுத்து வாக்குமூலம் அல்லது கடைக் கேமரா பதிவு சேர்ந்தால் பலம். கடைப் பதிவுகள் சில நாளில் அழிந்துவிடும் என்பதால் உடனே கேட்க வேண்டும்.

இவற்றை வண்டியின் பதிவுச் சான்று, நான்கு பக்கப் புகைப்படங்களோடு இ-சலான் தளத்தின் குறைதீர்ப் பகுதியில் பதிவேற்றலாம். அபராதம் விதித்த போக்குவரத்துக் காவல் பிரிவுக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலும் அனுப்பலாம். வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால், அங்கே அபராதம் செலுத்துதல், எதிர்த்து வழக்காடுதல் என இரு வாய்ப்புகள் உண்டு. இரண்டாவதைத் தேர்ந்தால் அந்த எல்லைக்குரிய நடுவர் நீதிமன்றம் விசாரிக்கும். சட்ட உதவிக்கு 15100 என்ற எண் உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச உதவி கிடைக்கும்.

உண்மையிலேயே ஹெல்மெட் இல்லாமல் போயிருந்தால் இந்த வழியெல்லாம் உதவாது. கட்டிவிட்டு, அடுத்த நாள் முதல் அணிவதே நல்லது. நார்த்தாமலைக்காரர் யூரியா ரசீதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறார். பாதி வேலை முடிந்தது. மீதிக்கு அவர் படத்தைக் கேட்க வேண்டும்.