முன்பணத்துக்கு யார் காவல்?

ஹைதராபாதின் பேகம்பேட்டை விமான நிலையத்திலிருந்து பயணிகள் விமானங்கள் 2008 மார்ச் மாதத்தில் ஷம்ஷாபாதுக்கு இடம் மாறின. எனினும், விமானியாக விரும்பும் இளைஞர்களுக்குப் பேகம்பேட்டையும், நகரின் புறத்தேயுள்ள நாதர்குல் சிறு விமானத் தளமும் அதன் பின்னரும் முக்கிய முகவரிகளாகவே இருந்து வந்துள்ளன. அந்த முகவரிகளை நாடிச் செல்லும் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பயிற்சி முடியும் முன்னரே பள்ளி மூடப்பட்டால், கட்டிய பணம் என்னவாகும்?

வர்த்தக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இதற்கான மொத்தச் செலவு இன்று ஏறத்தாழ அரைக் கோடி ரூபாயைத் தொடுகிறது. வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் கடன் கேட்டால் பொதுவாகச் சொத்து ஈடு காட்ட வேண்டும். எனவே, நடுத்தரக் குடும்பங்களில் வீடோ நிலமோ அடமானம் போகிறது. பணம் பெருந்தவணைகளில், சில வேளைகளில் ஒரே தவணையில், முன்கூட்டியே பெறப்படுகிறது. பயிற்சியோ வானிலை, விமானத்தின் பழுது, பயிற்றுநர் பற்றாக்குறை ஆகியவற்றுக்கு உட்பட்டு மணிக்கணக்கில் மெல்ல நகர்கிறது. இந்த இடைவெளியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

இது வீண் அச்சமல்ல. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, பல மாநிலங்களில் கிளை பரப்பியிருந்த சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பயிற்சி நிறுவனம் 2008 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரெனக் கதவடைத்துத் திவாலானது. ஒரு மாணவருக்கான கட்டணம் ஏறத்தாழ 70,000 டாலர். மாணவர் பெயரில் வாங்கப்பட்ட கடன் தொகை நிறுவனத்துக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்தது. பள்ளி மறைந்தது, கடன் மறையவில்லை. கடன் கொடுத்த வங்கியை எதிர்த்து மாணவர்கள் தொடுத்த வழக்கு ஐந்தாண்டுகள் இழுத்தது. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சமரசத் தீர்ப்பாயத்துக்குப் போகுமாறு அவர்களைத் திருப்பி அனுப்பியது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான காட்சியைத் தலைநகர் கண்டது. 2025 ஜனவரியில் டெல்லி, நொய்டா, காஜியாபாத் உள்ளிட்ட இடங்களில் ஃபிட்ஜி நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. முன்கூட்டியே கட்டணம் செலுத்திய பெற்றோர் காவல் நிலைய வாசலில் நின்றனர். ஏப்ரலில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. விசாரணை அவசியம்தான். ஆனால், பணம் போன பிறகு நடக்கும் விசாரணையால் மாணவர் இழந்த கல்வியாண்டைத் திருப்பித் தர இயலாது.

நுகர்வோர் நீதிமன்றத்தை நாடலாமே என்பர். சேலம் விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் அளித்த தீர்ப்பு அந்தப் பாதையையும் குறுக்கிவிட்டது. தொழிற்கல்வி உள்ளிட்ட கல்விச் சேவைகள் நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்குள் வாரா. தேர்வுப் பயிற்சி மையங்கள் மட்டுமே வரும் என்றது ஆணையம். விமானப் பயிற்சிப் பள்ளி இவற்றில் எந்த வகை என்பதற்கே முதலில் வழக்காட வேண்டியிருக்கும். நிறுவனம் திவாலானால் நிலைமை இன்னும் மோசம். வீடு வாங்க முன்பணம் கட்டியோருக்கு நிதிக் கடன் கொடுத்தோர் என்ற தகுதியைத் திவால் சட்டத்தில் 2018-ல் செய்த திருத்தம் வழங்கியது. முன்பணம் கட்டிய மாணவருக்கு அத்தகைய வெளிப்படையான தகுதி ஏதுமில்லை.

இதற்கான தீர்வைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தனியார் தொழிற்கல்லூரிகள் பற்றிய இஸ்லாமிக் அகாதெமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2003 ஆகஸ்டில் தெளிவாகவே கூறியது: ஓராண்டு அல்லது ஒரு பருவத்துக்கான கட்டணத்தை மட்டுமே பெற வேண்டும், கூடுதலாகப் பெற்றிருந்தால் அதைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாக வைத்து, வட்டியை மாணவருக்கே அளிக்க வேண்டும். 2016-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமும், வீடு வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கக் கட்டளையிடுகிறது. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் உள்ள பாதுகாப்பு படிப்புக்கு இல்லாதது ஏன்?

ஆஸ்திரேலியாவில் 2009, 2010-ம் ஆண்டுகளில் தனியார் கல்லூரிகள் பல மூடப்பட்டு, இந்திய மாணவர்கள் உள்ளிட்டோர் தெருவில் நின்றனர். அதன் பின் அந்நாடு 2012-ல், கல்வி நிறுவனங்களே பங்களிக்கும் கட்டணப் பாதுகாப்பு ஏற்பாட்டை உருவாக்கியது. நிறுவனம் மூடப்பட்டால் மாற்று இடம் அல்லது பயன்படுத்தப்படாத கட்டணம் என்பது அதன் அடிப்படை.

தொண்ணூறு ஆண்டுக்கால விமானச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டத்தை நமது நாடாளுமன்றம் 2024-ல் நிறைவேற்றியது. அதன் இந்திப் பெயரைத் தமிழக உறுப்பினர்கள் எதிர்த்தது நினைவிருக்கும். அந்த எதிர்ப்பு நியாயமானதே. ஆனால், 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தில் பயிற்சி மாணவரின் கட்டணத்தைக் காக்கத் தனிப் பிரிவு இல்லை என்பதும் விவாதிக்கப்பட வேண்டிய குறையே. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆயினும், தரவரிசை என்பது நிதிநிலைக்கான உத்தரவாதம் ஆகாது.

விமானம் வாங்கவும் எரிபொருள் நிரப்பவும் முதல் தேவை. முன்பணம் இன்றிப் பள்ளி நடத்த இயலாது என்று நிறுவனங்கள் வாதிடக்கூடும். முதலீடு திரட்டுவது முதலாளியின் பொறுப்பு. மாணவரின் வீட்டுப் பத்திரம் அதற்கான ஈடு அல்ல. பறந்த மணிகளுக்கு ஏற்பக் கட்டணம், எஞ்சிய தொகைக்குத் தனிக் கணக்கு, பள்ளி மூடப்பட்டால் மாணவரை வேறிடத்தில் சேர்க்க வங்கி உத்தரவாதம் ஆகிய மூன்றையும் பயிற்சி அனுமதிக்கான நிபந்தனைகளாக ஆக்க வேண்டும். கல்விக் கடன் வழங்கும் வங்கிகளும் பயிற்சியின் முன்னேற்றத்தைச் சரிபார்த்தே தவணைகளை விடுவிக்க வேண்டும்.

ஒரே தவணையில் கட்டினால் சலுகை என்ற அழைப்பை ஏற்குமுன் பெற்றோரும் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது. ஆனால், எச்சரிக்கையை மட்டும் மக்களிடம் ஒப்படைத்துவிட்டு அரசு ஒதுங்கிவிட முடியாது. விமானத்தின் இயந்திரத்தைப் பரிசோதிக்காமல் பறக்க அனுமதிக்காத இயக்குநரகம், பள்ளியின் கணக்கைப் பரிசோதிக்காமல் கட்டணம் வாங்க அனுமதிப்பது ஏன்? அடுத்த கூட்டத்தொடரிலேனும் நமது உறுப்பினர்கள் இக்கேள்வியை எழுப்ப வேண்டும்.