குறிப்பெடுத்தலும் நினைவும்

பாட நூலை வாசித்தல் வேறு. வாசித்ததை உளத்தில் நிறுத்தல் வேறு. தேர்வு நெருங்குங் காலத்து மாணவர் பலர் நூலின் வரிகளை அப்படியே மற்றொரு தாளிற் பெயர்த்தெழுதி, ஏடு தடித்த அளவிற்குத் தம் கல்வியும் வளர்ந்ததென மகிழ்கின்றனர். கை உழைக்கின்றது, கருத்தோ உறங்குகின்றது. இதனைப் படியெடுத்தல் என்றே யாம் சொல்வோம்.

குறிப்பு என்பது இன்னதென்று காட்ட, நம் சேலத்தோடு தொடர்புடைய சான்றொன்று உளது. 1880-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள், கும்பகோணத்திற்கு முனிசீபாக மாற்றப்பெற்று வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண, அந்நகரக் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர் சென்றார். தாம் பாடங்கேட்ட அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் முதலியவற்றை ஐயர் அடுக்கிச் சொல்லியும் முதலியார் வியந்தாரில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்று வினாவினார். பின்னர் அந்நூற் பிரதியொன்றையும் அளித்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று எண்ணிறந்த செய்யுட்களை நெஞ்சிற் கொண்டிருந்த ஐயருக்கும் அந்நூல் எளிதிற் பிடிபடவில்லை. உரைகாரராகிய நச்சினார்க்கினியர் மேற்கோள்களைக் காட்டிச் செல்வாரேயன்றி, அவை எந்நூலின என்று பெரும்பாலுஞ் சொல்லார். ஆதலின் ஐயர், நூலிலும் உரையிலும் வருஞ் சொற்களையும் மேற்கோள்களையும் அகராதி முறையில் எழுதி வைக்கலானார். பத்துப்பாட்டு, எட்டுத்தொகைச் சுவடிகள் பின்பு கைக்கு வந்தபோது, அம்மேற்கோள்களுட் பல அவற்றின் வரிகளே எனக் கண்டுகொண்டார். சிந்தாமணி 1887-இல் அச்சேறிற்று, புறநானூறு 1894-இல். அறியாததைத் தேடுதற்கு எழுதிய குறிப்பு அது.

நாமும் அவ்வழியிற் சிறிதேனும் செல்லலாம். ஓர் இயலை வாசித்து முடித்ததும் நூலை மூடுக. நினைவிலிருந்து ஐந்தாறு வரிகள் எழுதுக. பின்னர் நூலைத் திறந்து ஒப்புநோக்கி, விடுபட்டதை வேறு மையாற் சேர்க்க. விளங்காத இடத்தை வினாவாகவே ஓரத்தில் எழுதிப் பக்க எண்ணும் இடுக. நன்னூலார் வகுத்த நூல் பயிலும் முறையுள், கேட்டதை மீளச் சிந்தித்தலும், உடன் பயில்வாரோடு வினாவலும் விடை கூறலும் உள. படியெடுத்தல் அங்கில்லை, பெயர்த்தெழுதுதலைப் பவணந்தியார் கல்வியென எண்ணினாரல்லர் போலும்!

அமெரிக்க உளநூலார் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையும் இதற்கு அரண் செய்கின்றது. உரைநடைப் பகுதியொன்றை மீண்டும் வாசித்தோர், ஐந்து நிமிடங் கழித்து நடந்த தேர்வில் முந்தினர். ஒரு வாரங் கழித்து நடந்த தேர்விலோ, நூலை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோரே முந்தினர். முன்னிரவில் மட்டும் வாசிப்போர் தம் முறையை மெச்சிக்கொள்ளுங் காரணம் இதனாற் புலனாகும்.

எம்மை மறுப்பார் நம் மாவட்டங்களிலேயே பலர் உளர். நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் மதிப்பெண்ணுக்குப் பெயர் பெற்றவை. தொலைவூர்களிலிருந்தும் பெற்றோர் தம் மக்களை அங்குக் கொணர்ந்து சேர்ப்பர். மதிப்பெண்ணே போதாதோ என்பர் அவர். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் உருவேற்றும் வழக்கம் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றிற் பரவியமையாலன்றோ, 2018-இல் பதினோராம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு வைக்க நேர்ந்தது! அங்ஙனம் பயின்றவர், விடைக்குறிப்பு இல்லாத நூலொன்றைக் கல்லூரியில் முதன்முறை ஏந்துங்கால் திகைத்து நிற்பதை யாம் காண்கின்றோம். அறிவிற் குறைந்தவரல்லர் அவர். நூலோடு உரையாட அவர்க்கு ஒருவரும் கற்பித்திலர்.

செய்யுளை நெட்டுருச் செய்தல் தீதென்று யாம் சொல்லவில்லை. மனத்தில் நிற்றற்கு எதுகையும் மோனையும் அதற்குத் துணையாகின்றன. உரையாசிரியர் வாதத்தையும் அவ்வாறே விழுங்க முயல்வதைத்தான் மறுக்கின்றோம். சேனாவரையர் உரையை வரி பிறழாது ஒப்பிக்கும் நண்பர் ஒருவரிடம், அவர் அவ்விடத்து மறுப்பது இளம்பூரணரையா, வேறொருவரையா என்று கேட்டுப் பாருங்கள்.